என் தம்பியின் இடது காது

"கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோலை உரிச்சிருங்க சார்." எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இப்படிச் சொல்வது வழக்கம். காங்கேயம் பக்கம். தம்பியைச் சேர்த்த அன்று அப்பாவும் அதைத்தான் சொன்னார். காதைப் பற்றி யாரும் பேசவில்லை.

1999இல் அவன் ஏழாம் வகுப்பு. கணக்கு நோட்டு கொண்டுபோகவில்லை என்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எதிரே நின்று வலது கையால் அறைந்தால் இடது காதும் சேர்ந்துதான் வாங்கும். காதுக்குள் அடைபடும் காற்று செவிப்பறையைக் கிழித்துவிடும். வீட்டில் சொன்னால் இன்னோர் அடி என்று பயந்து மூடி மறைத்துவிட்டான். ராத்திரி வலி தாங்காமல் அழுதபோது அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்து ஆறியதும் காதில் விட்டார். விட்டிருக்கவே கூடாது. சின்னக் கிழிசல் என்றால் நனையாமல் வைத்திருந்தாலே பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும். அவனுக்குச் சீழ் பிடித்தது. தலையணை உறையில் இருந்த மஞ்சள் கறை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அந்த நஷ்டம் கட்டிங்கில் சேருமா, தையலில் சேருமா என்று எழுதி வைக்காமல் விடமாட்டோம். அந்த அறையின் செலவை மட்டும் இதுவரை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியும் சொட்டு மருந்தும் சின்னச் செலவுதான். கோவை அரசு மருத்துவமனைக்குப் போய்வர பஸ் காசு, அன்றைக்குப் போன அம்மாவின் காட்டு வேலைக் கூலி, அதற்காக வட்டிக்கு வாங்கிய பணம் என்று அது நீண்டது. பெரிய செலவு வகுப்பறையில் நடந்தது. உயரமாக இருந்ததால் அவனுக்குக் கடைசி பெஞ்ச். சொல்வது சரியாகக் கேட்காது, தப்பாக எழுதுவான், அதற்கும் அடி. ஒன்பதாம் வகுப்போடு நின்று, பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, வேலைக்குப் போனான். மெஷின் சத்தத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காமல் 'திமிர் பிடித்தவன்' என்று பேர் வாங்கினான். அவனுடன் படித்தவர்கள் பாலிடெக்னிக் முடித்து மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். அவன் இன்றும் சனிக்கிழமைக் கூலியை எதிர்பார்த்துத்தான் இருக்கிறான்.

அமெரிக்காவில் 2012இல் வந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறது. வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகி உயிர்பிழைத்த ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுக்க ஆகும் இழப்பு சுமார் 2,10,000 டாலர். அதில் ஏறக்குறைய 1,44,000 டாலர், அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு உழைத்து ஈட்டாமல் போகும் வருமானம். வைத்தியச் செலவெல்லாம் அதற்குப் பக்கத்திலேயே வராது. டாலரும் ரூபாயும் வேறு, ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கும் இதே வரிசையில்தான் நிற்கிறது.

'அடி வாங்கியதால்தான் நாங்கள் உருப்பட்டோம்' என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தம்பியின் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பழைய பிரம்படியைப் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். பாதியில் நின்றவர்கள் யாரும் அதில் இல்லை, தம்பியும் இல்லை. பிறகு வேறு யார் பேசுவார்கள்?

2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அப்புறம் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். தம்பிக்கு அது உதவவில்லை, அவன் மகள் காலத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் அவன் கேட் வரைக்கும்தான் வருவான். "நீ போய்ட்டு வாக்கா" என்பான். நான்தான் போய் உட்காருவேன்.

இதைப் படிப்பவர் வீட்டுப் பிள்ளை கன்னத்தில் அடி வாங்கி, காது வலிக்கிறது, இரைகிறது, அடைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னால் எண்ணெய் விடாதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள். மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, எப்படி அடிபட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.