குரோம்ல வேலை செய்யுது சார்

ஆபீஸ் பயணச் செலவு பில்களை ஏற்றுவதற்கென்று ஒரு தளம் இருக்கிறது. ரொம்ப நாளாக ஃபயர்பாக்ஸில்தான் திறந்துகொண்டிருந்தேன், ஒரு தகராறும் இல்லை. போன மாதம் தளத்தைப் புதுப்பித்தார்கள். அன்றிலிருந்து ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பிழை என்று ஒரு வரி கூட வராது. அதே பில்லை குரோமில் போட்டால் இரண்டே நொடியில் போய்விடுகிறது.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: “கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க சார்.” அதைச் செய்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். “அப்போ குரோம்லயே பண்ணிடுங்க சார், குரோம்ல வேலை செய்யுது.” டிக்கெட்டை மூடிவிட்டார்கள். பில் போய்விட்டது என்பதால் நானும் விட்டிருக்கலாம். ஆனால் என் பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் ஃபயர்பாக்ஸில் கிடக்க, இந்த ஒரு தளத்துக்காக மட்டும் இன்னொன்றைத் திறந்து வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பார்த்த பக்கங்களின் நகலை உலாவி சேர்த்து வைக்கும் இடம்தான் கேஷ். அதை அழித்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழிக்கும் பெட்டியில் ஹிஸ்டரி, குக்கி, கேஷ் என்று வரிசையாக டிக் இருந்தது. நாம் லாகின் செய்ததை நினைவில் வைப்பது குக்கிதான், அது போனால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டுமே என்று அந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன். ஹிஸ்டரி டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து அடித்தாலே வந்து நின்ற பழைய பக்கங்கள் மொத்தமும் போச்சு, வட்டம் மட்டும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

அடுத்து பிரைவேட் விண்டோவில் திறந்தேன். வேலை செய்தது! சரி, உலாவியில் நானாகச் சேர்த்த துணைக் கருவிகளில் (எக்ஸ்டென்ஷன்) ஏதோ ஒன்றுதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, விளம்பரத் தடுப்பானில் தொடங்கி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் ஒரு மாலைப் பொழுது போனது. பிரைவேட் விண்டோவில் நாமாக அனுமதித்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் பழைய குக்கியும், தளம் நம் கணினியில் சேர்த்து வைத்த மற்ற சாமான்களும் அங்கே வராது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறுகிறது, நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஹெல்ப் மெனுவில் இருக்கும் டிரபுள்ஷூட் மோடில் முதலிலேயே திறந்திருந்தால், எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் ஒரே அடியாக நின்றிருக்கும், குக்கிகள் அப்படியே இருந்திருக்கும். பிறகு அதில் திறந்தபோதும் வட்டம் சுற்றியது. எக்ஸ்டென்ஷன்கள் மேல் பழி போட்டது வீண்.

மூன்றாம் நாள் குரோமையும் ஃபயர்பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குரோமில் தேதிக்குக் கீழே ‘திட்டக் குறியீடு’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் இல்லை. அதாவது புதுப்பித்த பக்கம் எனக்கு வந்து சேரவே இல்லை. மூன்று நாளாகப் பழைய படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்! கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன், பெட்டி வந்துவிட்டது. துள்ளிக் குதித்து எல்லாவற்றையும் நிரப்பி ‘அடுத்து’ அழுத்தினால், மறுபடி பழைய பக்கம்.

அப்புறம்தான் எஃப்12 அழுத்தி, பக்கம் எங்கே எதைக் கேட்கிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்தேன். பொத்தானை அழுத்தியதும் சிவப்பில் ஒரு 404, அதாவது ‘கேட்டது இங்கே இல்லை’. பழைய படிவம், இப்போது இல்லாத பழைய முகவரிக்கு பில்லை அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்த வரிகளில், எவ்வளவு தரவு இறங்கியது என்று காட்டும் பத்தியில் எண்ணுக்குப் பதிலாக ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்று இருந்தது.

இணையம் இல்லாதபோதும் பக்கம் திறக்க வேண்டும் என்று தளங்கள் நம் உலாவிக்குள் உட்கார வைக்கும் இடைத்தரகர் இது. ஃபயர்பாக்ஸில் 2016 முதலே உண்டு. நாம் பக்கத்தைக் கேட்டால் சர்வர் வரை போகாமல் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் பை வேறு, நான் அழித்த கேஷ் வேறு. தளத்தைப் புதுப்பித்தவர்கள் தங்கள் சர்வரில் இருந்த அதன் கோப்பைத் தூக்கிவிட்டார்கள், வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். கோப்பு போனாலும் நம் கணினியில் ஏற்கனவே உட்கார்ந்த ஆள் எழுந்து போவதில்லை. சொன்ன நேரத்துக்குப் பழைய பக்கத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். ஷிப்ட் சேர்த்து ரீலோட் செய்தால் அந்த ஒரு தடவை மட்டும் அவரைத் தாண்டிப் போகலாம், அவ்வளவுதான்.

முகவரிப் பட்டையில் ‘அபவுட்:சர்வீஸ்வொர்க்கர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்தால், குடியிருக்கும் எல்லோருடைய பட்டியலும் வரும். தளத்தின் பெயரைத் தேடி ‘அன்ரிஜிஸ்டர்’ அழுத்தினேன். திட்டக் குறியீடு வந்தது, பில் போனது, ஒரு லாகின் கூட அறுபடவில்லை. இது சிரமம் என்றால் பூட்டுப் படத்தை அழுத்தி அந்தத் தளத்தின் குக்கி, தரவை மட்டும் அழித்தாலும் போதும், ஆனால் அதில் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். அன்றைக்கு நான் டிக் எடுத்த அந்தக் குக்கிப் பெட்டிக்குள்தான் இந்த ஆசாமியும் இருந்திருக்கிறார்.

குரோமில் ஏன் வேலை செய்தது? இந்தத் தளத்தை நான் அதில் அதற்கு முன் திறந்ததே இல்லை.

உதவி மையத்துக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு விவரமாக எழுதினேன். வெறுமனே கோப்பை எடுத்தால் போதாது, தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும் ஒரு கோப்பை அதே இடத்தில் வையுங்கள் என்றும் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: கேஷை அழித்துவிட்டு குரோமில் முயலவும்.

நேற்று பக்கத்து சீட்டில் இருப்பவர் புலம்பிக்கொண்டிருந்தார். “இந்த குரோம் படு மோசம்ங்க. பில் போட ஃபயர்பாக்ஸ் இறக்கித் தொலைக்க வேண்டியதாப் போச்சு, அதுல ஜோரா போகுது.” அவர் முன்பெல்லாம் அந்தத் தளத்தை குரோமில்தான் திறப்பார். அவர் கணினியில் எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் என்ற பகுதியில் சர்வீஸ் வொர்க்கரைத் தேடி அன்ரிஜிஸ்டர் செய்தேன். அரை நிமிஷம் கூட ஆகவில்லை.