ஐஸ் பெட்டியில் போன பி செல் டெஸ்ட்

கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியை உண்டாக்கும் வெள்ளணுதான் பி செல். அதை எண்ணும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதாக இருந்தால் சனிக்கிழமை போகாதீர்கள். என் பையன் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆறு மாசம் வரை நன்றாகத்தான் இருந்தான். வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து வந்த ஐஜிஜி என்ற ஆன்டிபாடி தீரும் வரை அப்படித்தான் இருக்குமாம். அப்புறம் காதில் சீழ், மாறி மாறி நிமோனியா. வீசிங் என்றார்கள், பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைக்கு வரும் டிபி, என்று மாசக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா தொண்டையில் டார்ச் அடித்துவிட்டு, "டான்சிலையே காணோமே" என்றார். அடுத்து என்னிடம், "உங்க கூடப் பிறந்த ஆண்பிள்ளை யாராவது சின்ன வயசுல தவறிட்டாங்களா?" தவறியிருக்கிறான். என் அண்ணன். மாரில் சளி கட்டிப் போய்விட்டான் என்று அம்மா சொல்வாள்.

டான்சிலில் நிறைந்திருப்பது பி செல்தான். அது இல்லாவிட்டால் டான்சிலும் வளராது. ரத்த டெஸ்டில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடியுமே அடிமட்டத்தில் வந்தன. அடுத்தது சிடி19 என்ற அடையாளத்தை வைத்து பி செல்லை எண்ணும் டெஸ்ட், ஃப்ளோ சைட்டோமெட்ரி.

இதில்தான் வயிற்றெரிச்சல். ரத்தம் எடுத்தது சனிக்கிழமை. செல் உயிரோடு போய்ச் சேர வேண்டிய டெஸ்ட் இது. ஊதா மூடி ட்யூபில், சாதாரண அறைச் சூட்டில், சீக்கிரம் போக வேண்டும். கலெக்‌ஷன் சென்டர் பையன் ஐஸ் பெட்டியில் போட்டான். சீட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே என்றேன். "எல்லா சாம்பிளும் இதுலதான்க்கா போகும்." திங்கள் மதியம் போன்: சாம்பிள் கெட்டுவிட்டது, மறுபடி எடுக்கணும். பணம் திரும்பாதாம். குழந்தையின் நரம்பை மறுபடி தேடிக் குத்த வேண்டும், அதற்கு யார் பதில் சொல்வது?

இரண்டாம் தடவை ட்யூபை என் கைப்பையில் வைத்து நானே லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் சிடி19 கிட்டத்தட்ட பூஜ்யம். பி செல் வளரத் தேவையான பிடிகே ஜீனைப் பார்த்த டெஸ்டும் அதையே சொன்னது: எக்ஸ்எல்ஏ. அம்மா வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும், பி செல்லே உருவாகாத நோய். 1952லேயே ப்ரூட்டன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த நோய். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இத்தனை ஆஸ்பத்திரி!

இப்போது மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐவிஐஜி, அதாவது தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, நரம்பில் ஏறுகிறது. ஒன்று கவனியுங்கள்: ஆன்டிபாடி டெஸ்ட் எதுவானாலும் முதல் பாட்டில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். அப்புறம் எடுத்தால் வருவது ரத்த தானம் செய்தவர்களின் ஆன்டிபாடி. போலியோ சொட்டு மருந்து முகாமில் வற்புறுத்துவார்கள். டாக்டர் கடிதம் பையிலேயே இருக்கட்டும். இந்தக் குழந்தைக்கு உயிருள்ள சொட்டு மருந்து கூடாது, வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

நிமோனியா நின்றிருக்கிறது. மூக்குச் சளி நிற்கவில்லை. மூச்சுக்குழாயின் உள்தோலைக் காக்கும் ஐஜிஏ ஐவிஐஜியில் பேருக்குத்தான் இருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள், 24 மணி நேரம் தங்கவில்லை என்று க்ளெய்மைத் திருப்பிவிட்டார்கள். பாலிசியில் ஒரே நாளில் முடியும் சிகிச்சைக்கான டே கேர் பக்கத்தை மஞ்சள் கோடு போட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.