ஓடிபி யாருடைய கைக்கு வருகிறது?

பென்னாகரத்தில் இ-சேவை மையம் நடத்தத் தொடங்கி இந்த ஆண்டோடு 9 ஆண்டுகள் ஆகின்றன. பிளஸ் டூ முடிவுகள் வெளியான மறுநாளிலிருந்து கடை வாசலில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்; ஏரியூர்ப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என எதற்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது செல் நம்பரைத்தான். பையன்கள் பெரும்பாலும் தங்கள் கையிலிருக்கும் போனின் எண்ணைச் சொல்வார்கள். பெண்பிள்ளைகள் அப்பாவின் எண்ணையோ, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அண்ணனின் எண்ணையோ சொல்வார்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அதே எண்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிமாவட்டக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்த ஒரு பெண் அதை உறுதிசெய்ய என் கடைக்கு வந்தாள். உறுதிசெய்யக் கேட்கும் ஆறு இலக்க ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபி அண்ணனின் போனுக்குப் போனது. அவள் அழைத்தபோது, வேலையில் இருப்பதாகவும் ராத்திரி பேசிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். மீண்டும் இரண்டு முறை அனுப்பிப் பார்த்தோம். அதன்பின் அவர் போனை எடுக்கவில்லை. அன்று மாலை 5 மணியோடு அவகாசம் முடிந்துவிட்டது. அவள் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்த அண்ணன் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, படிக்காதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆறு எண்களை வாசித்துக் காட்டாமல் இருந்தார், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த வேண்டுமானால் வீட்டில் யாராவது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, ஆசிரியை, பக்கத்து வீட்டு அத்தை என்று யாரேனும் ஒருவர் எதிர்த்துப் பேசவும் இடமிருந்தது. இப்போது எவரும் எதுவும் சொல்லாமலேயே அது நடந்துவிடுகிறது என்பதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது.

இளைஞர்களும் இணையமும் என்று பேச்சு எடுத்தாலே, அவர்கள் போனில் எத்தனை மணி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பதைத்தான் எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேசுகிறார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அரசு, கல்லூரி, வங்கி ஆகிய மூன்றின் வாசலும் ஒரு போன் எண்ணாக மாறிய பிறகு, அந்த எண் யாருடையது என்பதே முதலில் கேட்க வேண்டிய உரிமைக் கேள்வி என்று நான் நினைக்கிறேன். 2021 முதல் 18 வயது நிறையாதவர்களுக்கு சிம் கார்டு வழங்கப்படுவதில்லை. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வயது 17. வாழ்க்கையின் பெரிய விண்ணப்பத்தைப் போடும் மாதத்தில்தான் சொந்தப் பெயரில் ஓர் எண் வைத்துக்கொள்ளும் வயது அவர்களுக்கு வந்திருப்பதில்லை.

2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளைகளின் நடவடிக்கையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அது தடுப்பதை நான் மனதார வரவேற்கிறேன். படங்களை மாற்றி மிரட்டப்பட்ட பிள்ளைகள் அழுதபடி கடைக்கு வர, இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் நானே அழைத்துக் கொடுத்திருக்கிறேன். பாதுகாப்பு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 10 வயதுச் சிறுமிக்கு அரணாக இருக்கும் ஒப்புதல், 17 வயதுப் பெண்ணுக்குப் பூட்டாகவும் ஆகக்கூடும்.

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை விடுதியில் போனை ஒப்படைக்க மறுத்ததால் வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையையும் அந்தரங்க உரிமையையும் சேர்ந்தது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஏப்ரலில், பார்வையற்றோரும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் படும் பாட்டைக் கேட்ட உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றது. இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் விடுதிக்கு எதிராக நீதிமன்றம் போக முடிந்த பெண்ணால் சொந்த அண்ணனுக்கு எதிராக எங்கே போக முடியும்? ஆகவே வழியை அரசுதான் விண்ணப்ப முறைக்குள்ளேயே வைக்க வேண்டும்: மதிப்பெண் சான்றிதழோடு நேரில் வந்து நிற்கும் மாணவி, தலைமையாசிரியர் முன்னிலையிலோ உதவி மையத்திலோ கையெழுத்திட்டே தன் இடத்தை உறுதிசெய்துகொள்ள முடிய வேண்டும்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். எண் இல்லாத பிள்ளைகளுக்கு என் சொந்த எண்ணையே பல ஆண்டுகள் கொடுத்து வந்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். பலருக்கு அதனால் இடமும் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய உதவித்தொகை எப்போது வந்தது, எந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள், கடவுச்சொல்லை எப்போது மாற்ற முயன்றார்கள் என்பதெல்லாம் அவர்கள் அறியாமல் என் போனில் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நான் நல்லெண்ணம் உள்ளவள் என்பது அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. அந்த அண்ணனுக்கும் தங்கை மேல் பாசம் உண்டு.

அதனால் இரண்டு ஆண்டுகளாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு எப்போது 18 நிறைகிறது என்று குறித்துக்கொண்டு, சொல்லி அனுப்பி, சொந்த எண்ணுக்கு மாற்றிக் கொடுக்கிறேன்; இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நோட்டில் இன்னும் 14 பெயர்கள் மாற்றப்படாமல் இருக்கின்றன. அவர்களில் 4 பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கான குறுஞ்செய்திகள் என் போனுக்கு வந்துகொண்டிருக்கின்றன.