‘எந்த மாதிரி ஆடுது?’ – பழைய கொம்பியோடு நான்கு மாதம்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு வளைவு. எதிரே வந்த பஸ் எங்களைக் கடந்து போன கையோடு வண்டியின் பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு தடவை அடித்தது. நான் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா “முருகா” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேகம் நாற்பதுதான் இருக்கும். தலவாக்கலைக்கு வந்து வண்டியை ஓரங்கட்டியபோது என் உள்ளங்கை இரண்டும் வியர்த்திருந்தன.

எங்களுடையது 1975 வொக்ஸ்வாகன் கொம்பி வான். எஞ்சின் பின்னால் இருக்கும். முன்பு வைத்திருந்தவர் பண்டாரவளைக்காரர். கட்டில், சின்ன சிங்க், தண்ணீர்த் தாங்கி, கேஸ் அடுப்பு எல்லாம் பொருத்தி, கூரையையும் தூக்கி நிறுத்தும்படி செய்து, உள்ளேயே சமைத்துப் படுக்கக்கூடிய வண்டியாக்கி வைத்திருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிகளுக்கும் விலை ஏறிவிட்டது. இருந்தாலும் அம்மாவின் முழங்கால் வருத்தத்துக்கு பஸ் சரிவராது; கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் அவரைப் படுக்க வைத்தே கூட்டிப் போகலாம் என்றுதான் வாங்கினேன். பிள்ளைகள் வைத்த பெயர் ‘வீட்டு வண்டி’.

முதலில் போன கராஜில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “சொக் போயிருக்கு” என்றார்கள். குலுக்கலை அடக்கும் சொக் அப்சோபர், முன்னால் உள்ள இரண்டையும் மாற்றினோம். ஆட்டம் அப்படியே இருந்தது. இரண்டாவது இடத்தில் ஸ்டியரிங் பெட்டியில் ஆட்டம் இருக்கிறது என்று அதன் திருகை இறுக்கினார்கள். அது இன்னும் மோசம். கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை, கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு கராஜிலும் நல்ல வேலைக்காரர்கள்தான். ஆனால் எப்போது ஆடுகிறது என்று ஒருவருமே கேட்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை முதலில் கவனியுங்கள். கேள்வி கேட்காமல் ஸ்பானர் எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம்தான் மச்சான் என்னைக் கொட்டகலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனான். தோட்டத்து ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ஃபிட்டர் மாமா. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு கேட்டார்:

“தம்பி, ஆடுது ஆடுதுன்னா எனக்கு விளங்காது. எந்த மாதிரி ஆடுது? அலையுதா, சாயுதா, உதறுதா, இழுக்குதா, இல்ல வாலாட்டுதா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவரே ஒவ்வொன்றாக விளக்கினார். நேர் ரோட்டிலும் வண்டி கோட்டில் நிற்காமல் இங்கும் அங்கும் போனால் அது அலைவது. ஸ்டியரிங் மூட்டுகளையும், முன் சில்லுகள் உள்ளே வெளியே எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்ற டோ அளவையும் பார்க்க வேண்டும். வளைவில் உடம்பு ஒரு பக்கம் கவிழ்ந்தால் அது சாய்வது. சொக், சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, கூரை மேல் பாரம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கையில் கிடுகிடுவென்று வந்தால் உதறல். சில்லு பேலன்ஸ், பேரிங், வளைந்த ரிம். எப்போதும் ஒரே பக்கம் போனால் இழுப்பு. டயர்க் காற்று, சில்லு அலைன்மென்ட், பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக். முன்பக்கம் சும்மா இருக்க, பின்பக்கம் மட்டும் தள்ளாடினால் வாலாட்டம். பின் டயரும், பின் சில்லை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் ரப்பர்ப் புஷ்ஷும்.

“ஒரு கிழமை ஓட்டிட்டு எழுதிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

எழுதினேன். எந்த இடம், என்ன வேகம், காற்று அடித்ததா, தாங்கியில் தண்ணீர் எவ்வளவு, பின்னால் யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுத முடியாது, நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதினார். கிரகரி ஏரிக்கரை நேர் ரோட்டில் மெதுவாக, கையை இலேசாக வைத்து ஓட்டிப் பார்த்தோம். அங்கே அலைந்தது. நானுஓயா இறக்கத்து வளைவுகளில் சாய்ந்தது. பெரிய வண்டி பக்கத்தில் போனால் வாலாட்டியது. உதறலும் இல்லை, இழுப்பும் இல்லை. கிழமை முடிவில் கொப்பியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒரே ஆட்டம் என்று நினைத்துக் கொண்டிருந்தது மூன்று ஆட்டம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்திருக்கிறது. சொக் மாற்றியும் வித்தியாசம் தெரியாமல் போனது அதனால்தான்.

மலைநாட்டில் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கச் சமதரை கிடைப்பது பெரிய பாடு. ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்காத நாளாகப் பார்த்து, கேட்டுக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் தோட்டத்து மடுவத்தின் சிமெந்துத் தரைக்கு வண்டியைக் கொண்டு போனோம். சில்லுகளுக்கு முட்டுக்கட்டை, முன் சில்லுகளைத் தாங்கும் குறுக்குப் பீமுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது என்று மாமா மூன்று தடவை சொன்னார்.

முதலில் டயர். பின் டயர் இரண்டின் பக்கச் சுவரையும் துணியால் துடைத்து, டோர்ச் அடித்து, வாசிக்கச் சொன்னார். முன்னால் இருந்தவை 185 ஆர் 14 சி. அந்தச் ‘சி’ பாரம் ஏற்றும் வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம். பின்னால் இருந்தவற்றில் ‘சி’ இல்லை. சாதாரணக் கார் டயர். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3211. அப்படியென்றால் 2011ஆம் ஆண்டின் 32ஆவது கிழமையில் செய்த டயர். தரையில் படும் பூ தேயாமல் நன்றாகத்தான் இருந்தது, அதனால் நான் சந்தேகப்படவே இல்லை. மாமா விரலால் பக்கச் சுவரை அழுத்தி வளைத்துக் காட்டினார். மயிர்க்கோடு மாதிரி வெடிப்புகள் வாயைத் திறந்தன. எஞ்சின், கட்டில், தாங்கி, அம்மா எல்லாப் பாரமும் அந்த மெல்லிய சுவரின் மேல்தான். சுவர் பக்கவாட்டில் நெளியும்போது வால் ஆடாமல் என்ன செய்யும்?

காற்றும் பிழை. நான் பெட்ரோல் ஷெட்டில் நான்குக்கும் ஒரே அளவாக 32 பி.எஸ்.ஐ. அடித்து வந்திருக்கிறேன். எஞ்சின் பின்னால் உள்ள வண்டிக்குப் பின் டயரில் கூட வேண்டும். புது டயர் இரண்டையும் போட்டு, டயர் குளிர்ந்திருக்கும்போது முன்னுக்கு 30, பின்னுக்கு 40 வைத்தோம். அன்று வேறு எதையும் தொடக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். ஒரே நாளில் நாலு வேலை செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. லிந்துலை வளைவுக்கே திரும்பப் போனோம். பஸ் கடந்தது. வால் ஒரு தடவை இலேசாக அசைந்து நின்றுவிட்டது.

இதில் தண்ணீர்த் தாங்கியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். கொப்பியில் மனைவி எழுதியிருந்த ஒரு வரி: ‘வளைவு முடிஞ்ச பிறகும் ஒரு ஆட்டம்’. அது தாங்கி பாதி நிறைந்திருந்த நாட்களில் மட்டும் வந்திருக்கிறது. 60 லீட்டர்த் தாங்கி, உள்ளே தடுப்புத் தகடு கிடையாது. பாதித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கம் ஓடி, வண்டி நிமிர்ந்த பிறகு மற்றப் பக்கம் போய் மோதுகிறது. இப்போது மலை ஏறும்போது ஒன்று முழுக்க நிரப்புவோம், இல்லாவிட்டால் காலியாக விட்டு 5 லீட்டர்க் கேன்களில் கொண்டு போவோம். ஒரு சதம் செலவில்லாமல் தீர்ந்தது. மனைவி எழுதியிருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

அடுத்த ஞாயிறு ஸ்டியரிங். முதல் வேலையாக அந்த இறுக்கிய பெட்டித் திருகை மாமா பழையபடி தளர்த்தினார். பிறகு முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், கொஞ்சம் ஆடியது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்பவும் ஆட்டினார். ஆட்டம் காணாமல் போனது. அப்படிப் போனால் பேரிங், மிதித்தும் போகாவிட்டால் சில்லைத் தாங்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் என்றார். பேரிங்கைச் சரிபண்ணப் பத்து நிமிடம்தான்.

பெரிய விஷயம் நடுவில் இருந்தது. கொம்பியில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வந்து, முன் பீமின் நடுவில் ஒரு அச்சில் திரும்பும் லீவரைத் தள்ளும். ஸ்விங் லீவர் என்பார்கள். அதுதான் இரண்டு டை ரொட்களையும் இழுத்துச் சில்லுகளைத் திருப்புகிறது. வண்டியைச் சில்லில் இறக்கி நிறுத்தி, மச்சானை ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தேன். டை ரொட் முனைகள் நான்கும் நல்லது. ஸ்விங் லீவரில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. லீவர் திரும்புவதற்கு முன்னால் அச்சே மேலும் கீழுமாக ‘டொக்’ என்று அசைந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அசைவு, விரலில்தான் பட்டது. அந்த இடத்தில் கிரீஸ் காய்ந்து கறுப்புக் கட்டியாக இருந்தது.

சாமான் தேடி கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு நாள் போனேன். ஸ்விங் லீவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டெபிலைசர் கம்பிக்கு ரப்பரும் கிளிப்பும் கிடைத்தன. இடது பக்கக் கிளிப் எங்கேயோ கழன்று விழுந்து, கம்பி சும்மா தொங்கிக் கொண்டிருந்ததை முதல் ஞாயிறே பார்த்திருந்தோம். வளைவில் சாய்ந்ததற்குக் காரணம் அதுதான். அதோடு கூரை மேல் நான் கட்டி வைத்திருந்த இரும்புப் பெட்டியும். பெட்டியை இறக்கிவிட்டேன்.

ஸ்விங் லீவருக்கு ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் வெண்கலப் புஷ் கடைந்து, அச்சை மெருகேற்றிப் போட்டோம். பொருத்தும்போது மாமா அவசரப்படவே இல்லை. அச்சைக் கையால் சுழற்றி, இறுக்கமாக இருந்தால் கழற்றி, இன்னும் கொஞ்சம் சுரண்டி, திரும்பப் போட்டு, மதியம் கடந்துவிட்டது. பிறகு பீமில் கிரீஸ் அடிக்கும் வாய்களான நான்கு நிப்பிள்களிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து புதுக் கிரீஸ் தெரியும்வரை அடித்தோம். சில்லு தரையைத் தொடாமல் தொங்க வேண்டும், அப்போதுதான் உள்ளே போகும். கடைசியாகத்தான் அலைன்மென்ட். மூட்டில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது காசுக்குக் கேடு.

கிரகரி ஏரிக்கரையில் இப்போது விரல் நுனியால் பிடித்தாலே வண்டி கோட்டில் போகிறது. கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறது. முதல் தடவை அது வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அம்பேவெலப் பக்கம் போனால் இன்னும் தள்ளுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்தப் புல்வெளிகளில் தடுப்பில்லாமல் அடிக்கும், காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தான். கொம்பிக்கு முன்பக்கம் தட்டை, உயரம், பாரம் முழுக்கப் பின்னால்; பக்கக் காற்று மூக்கைத் தள்ளத்தான் செய்யும். “அது நோவு இல்ல தம்பி, அதோட குணம். காற்றுள்ள நாள் மெதுவாப் போங்க” என்றார் மாமா. அங்கே நான் முப்பதைத் தாண்டுவதில்லை.

பின் சில்லுகளின் ஆர்ம் புஷ் இன்னும் மாற்றவில்லை. ரப்பர் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. இப்போது உள்ள இலேசான அசைவு அதிலிருந்துதான் என்பது மாமாவின் எண்ணம். சாமானுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வந்ததும் மடுவத்தில் இன்னொரு ஞாயிறு. போன மாதம் முன்னேஸ்வரம் போய் வந்தோம். திரும்பும் வழியில் கினிகத்தேனை ஏற்றம் முழுவதும் அம்மா பின்னால் தூங்கிக்கொண்டு வந்தார்.