புள்ளி ராஜாவும் எங்கப்பாவும்

எங்கப்பா லாரி டிரைவர். நாமக்கல்ல இது ஒரு பெரிய விஷயமே இல்ல, எங்க தெருவுல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் லாரியோட தான் பொழப்பு, டிரைவர் இல்லன்னா கிளீனர், அதுவும் இல்லன்னா பாடி கட்டுற பட்டறை. 2003ல நான் எட்டாவது படிச்சுட்டு இருந்தேன். அப்ப தான் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"னு அந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் வந்துச்சு. ரோட்டோர பேனர்ல, டிவில, எங்க பாத்தாலும் அந்த ஒரே கேள்வி. யாரு இந்த ஆளுனு ஊரே பேசுச்சு. ராஜானு பேர் வச்ச பசங்க எல்லாம் எங்க ஸ்கூல்ல அந்த வருஷம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல.

ஒரு நாள் மத்தியானம், டிபன் பாக்ஸ தொறந்து வச்சிருக்கேன், பக்கத்துல உக்காந்திருந்த புள்ள கேட்டா, "உங்கப்பா லைனுக்கு போனா பதினஞ்சு நாள் கழிச்சு தான வர்றாரு, அவருக்கும் வருமாடி?" கிண்டலா கேட்டிருந்தா கூட திட்டிட்டு விட்டிருப்பேன், அவ நெசமாவே சந்தேகமா கேட்டா. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. அதுக்கப்புறம் ராத்திரி அந்த விளம்பரம் வந்தா நான் அப்பா மூஞ்சிய பாக்காம தரைய பாத்துட்டு உக்காந்திருப்பேன், அவரும் எதுவும் பேசாம எந்திரிச்சு வாசலுக்கு போயிடுவாரு.

அந்த விளம்பரத்த ஒரேயடியா குறை சொல்ல நான் வரல. 1986லயே சென்னைல தான் டாக்டர் சுனிதி சாலமன் டீம் இந்தியாவுலயே மொத மொத எச்ஐவி இருக்கறத கண்டுபிடிச்சாங்க, 1994லயே இதுக்குனு தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்ச மாநிலம் நம்மது, நாமக்கல் மாவட்டத்துல தொற்று அதிகமா இருந்ததும் உண்மை தான். எய்ட்ஸ்ங்கற வார்த்தைய டீக்கடைல சத்தமா பேச வச்சது பெரிய காரியம். மும்பைல அதுக்கு கொஞ்சம் முன்னாடி, 2002 கடைசில, பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமானு இதே மாதிரி ஒன்னு ஓடுச்சு, அதப் பாத்து தான் நம்மூர் ராஜாவும் வந்தாரு. ஆனா ரெண்டுலயுமே விஷயம் ஒன்னு தான், நாலு பேர் கூடி நின்னு அங்க இல்லாத ஒரு ஆளப் பத்தி பேசுவாங்க. அவன் அங்க போறான், அவளோட பழகறான், அவனுக்கு வருமா வராதா. நோய் எப்படி இருக்கும், வந்தா எங்க போறது, குணமாகுமா, இதெல்லாம் எனக்கு மனசுல நிக்கல. யாருக்கு வரும்ங்கறது மட்டும் நல்லா நின்னுச்சு. எங்கப்பா மாதிரி ஆளுக்கு வரும்.

வெளிநாட்டுலயும் இதே கத தான். 1987ல ஆஸ்திரேலியால ஒரு விளம்பரம் போட்டாங்க, கருப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு எமன் ஒரு பவுலிங் பந்த உருட்டி விடுவான், அந்த பக்கம் பின்னுக்கு பதிலா மனுசங்க நிப்பாங்க, கைக்குழந்தையோட ஒரு அம்மா கூட. யூட்யூப்ல பாத்துட்டு நான் ரெண்டு நாள் சரியா தூங்கல. பயம் காட்டினா ஜனங்க உஷாராவாங்கனு நெனச்சிருக்காங்க. பயந்தவங்க டெஸ்டுக்கு போக மாட்டாங்க, ஒளிஞ்சுக்குவாங்க, அத நான் மெடிக்கல் ஷாப்ல தெனம் பாக்கறேன்.

ஆமா, டி.பார்ம் முடிச்சுட்டு பத்து வருஷத்துக்கு மேல மெடிக்கல்ல தான் வேல. ராத்திரி ஒம்போது மணிக்கு மேல, கடைல கூட்டம் கொறஞ்சப்புறம் தான் அந்த மாதிரி ஆளுங்க வருவாங்க. "சூடு புடிச்சிருச்சு, நீர் போனா எரியுது, ஏதாச்சும் மாத்திர குடுங்க"னு. எரிச்சல் மட்டும் இல்ல சீழும் வடியுதானு கேட்டா மூஞ்சி மாறிடும். கொனோரியாவுக்கு வெட்டை நோயினு ஒரு வார்த்த எங்க பாட்டி காலத்துல இருந்து இருக்கு, சிபிலிஸுக்கு கிரந்தினு ஒன்னு இருக்கு, ஆனா டிவில இந்த நோய்க்கெல்லாம் எடமே இல்ல. டிவிய பொறுத்த வரைக்கும் பால்வினை நோய்னா எய்ட்ஸ், எய்ட்ஸ்னா சாவு. மாத்திரையோ ஊசியோ போட்டா சுத்தமா குணமாகற நோயும் அதுல இருக்குனு சொல்ற ஒரு விளம்பரம் நான் பாத்ததே இல்ல.

அந்த காலி எடத்துல வந்து உக்காந்துக்கிட்டது யாருன்னா ராத்திரி டாக்டருங்க. பதினோரு மணிக்கு மேல லோக்கல் சேனல திருப்புங்க, கோட்டு போட்டுட்டு ஒருத்தர், பின்னாடி பாட்டில் பாட்டிலா லேகியம், கீழ போன் நம்பர் ஓடிட்டே இருக்கும், இந்த தேதில இந்த ஊர் லாட்ஜ்ல இருப்பாருனு லிஸ்ட் வரும். எல்லாத்துக்கும் ஒரே காரணம் சொல்வாங்க, சின்ன வயசு தப்பு. கேக்கறவன் ஏற்கனவே குத்த உணர்ச்சில செத்துட்டு இருப்பான், அந்த குத்த உணர்ச்சிய தான் அவங்க விக்கறாங்க.

இது சட்டப்படி தப்புங்க. டி.பார்ம் ரெண்டாவது வருஷம் மருந்து சட்டங்கள் பத்தின ஜூரிஸ்புருடன்ஸ் பேப்பர்ல மேஜிக் ரெமடீஸ் ஆக்ட்னு மனப்பாடம் பண்ணிருக்கேன், 1954 சட்டம். 54 நோய் லிஸ்ட் இருக்கு, இதயெல்லாம் குணப்படுத்தறேன்னு விளம்பரமே பண்ணக்கூடாது. அதுல கடைசி ஐட்டமே பால்வினை நோய் தான், சிபிலிஸ், கொனோரியானு பேரோட. மொத தடவ மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். விளம்பரம்னா என்னனு சொல்றப்ப ஒளி, ஒலி, புகை எது மூலமா சொன்னாலும் விளம்பரம் தான்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க, சென்னைக்கு தூர்தர்ஷன் வந்ததே 1975ல, அதுக்கு 21 வருஷம் முன்னாடி. இவ்ளோ தெளிவா எழுதி வச்சும் தெனம் ராத்திரி ஓடிட்டு இருக்குன்னா கோவம் வராம என்ன பண்ணும்.

போன வருஷம் ஒரு அக்கா வந்தாங்க, நாப்பது வயசு இருக்கும். கவுண்டர்ல கூட்டம் போற வரைக்கும் பேபி சோப்பு இருக்கற ரேக் பக்கத்துலயே நின்னாங்க. அப்புறம் மஞ்சப்பைல இருந்து ஒரு அட்டப்பெட்டிய எடுத்து வச்சாங்க, கூரியர் ஸ்டிக்கர் கூட கிழிக்கல. உள்ள ஒரு லேகிய டப்பா, ரெண்டு சூரண பொட்டலம், அளவு கரண்டி. கம்பெனி அட்ரஸ் இல்ல, என்னென்ன சேத்திருக்காங்கனு இல்ல, வெறும் போன் நம்பர். "கண்ணு, அவரு டிவில பாத்துட்டு வாங்குனாருங்க, மூணு மாசமா சாப்புடறாரு, கேக்கல. இப்ப எனக்கும் எரியுது, வெள்ளையும் படுது. இத நானும் சாப்புடலாமா?"னு கேட்டாங்க. அந்த டப்பாவுக்கு கொடுத்த காசு அவங்க ரெண்டு மாச சம்பளம்.

நான் எந்த மாத்திரையும் குடுக்கல. ரெண்டு பேரும் சேந்து ஜிஎச்சுக்கு போங்க, பால்வினை நோய்க்குனு தனியா பாக்கறாங்க, காசு கெடையாது, அங்கயே நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்டும் எடுத்துருங்கனு சொன்னேன். அவங்களுக்கு அந்த வார்த்த கேட்டதுமே கை நடுங்கிடுச்சு. "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல கண்ணு"னு தான் மொதல்ல சொன்னாங்க. நோயப் பத்தி கேக்கல, ஆளப் பத்தி தான் பேசறாங்க. இருவது வருஷமா டிவி சொல்லிக்குடுத்தது அது தானே.

ஆனா போனாங்க. ரெண்டு பேருக்கும் சாம்பல் கலர் கிட் குடுத்தாங்களாம், அதுக்குள்ள ரெண்டே மருந்து, அசித்ரோமைசினும் செபிக்சிமும், ஒரு வேள போட்டா போதும். மூணு மாச லேகியத்துக்கு எதிரா ஒரே ஒரு வேள. பொம்பளைங்களுக்கு இந்த தொற்று பல நேரம் வெளிய தெரியாமயே உள்ள இருந்து கருக்குழாய கெடுத்துடும், குழந்த நிக்காம போயிடும், அதனால தான் வீட்டுக்காரருக்கு மட்டும் வைத்தியம் பாத்தா பத்தாது. இத சொல்ல ஒரு முப்பது செகண்ட் விளம்பரம் போதாதா?

காண்டம் விளம்பரத்த பத்தி தனியா எழுதணும், சுருக்கமா சொல்லிடறேன். அதுல நோயே கெடையாது, சாக்லேட்டும் ஸ்ட்ராபெரியும் தான். 2017 டிசம்பர்ல மத்திய அரசு அத ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு மணி வரைக்கும் தான் போடணும்னு சொல்லிச்சு, கொழந்தைங்க பாக்கறாங்கனு. அப்புறம் ஆபாசமா இருக்கறதுக்கு மட்டும் தான்னு விளக்கம் குடுத்தாங்க. எச்பிவி தடுப்பூசி விளம்பரம் இப்ப பரவாயில்ல, அம்மாவும் பொண்ணும் பேசிக்கறாங்க, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்னு தைரியமா சொல்றாங்க, யாரையும் கேவலப்படுத்தல. ஆனா அந்த எச்பிவி வைரஸ் உடலுறவு மூலமா பரவுதுங்கறத மட்டும், நான் பாத்த வரைக்கும், தொடாமயே தாண்டி போயிடறாங்க. எச்ஐவிக்கு மாத்திர ஒழுங்கா எடுத்து வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கொறஞ்சுட்டா உடலுறவு மூலமா பரவாதுங்கற விஷயம் எத்தன பேருக்கு தெரியும்? 2004லயே தாம்பரத்துல இலவசமா மருந்து குடுக்க ஆரம்பிச்சாச்சு. அதுல வாழ்ந்துட்டு இருக்கற ஒரு மனுசன் மூஞ்சிய எந்த விளம்பரத்துலயும் நான் பாக்கல.

அப்பா இப்ப வண்டி ஓட்டறதில்ல, முதுகு வலி. இத எழுதலாம்னு நெனச்சப்ப தான், இத்தன வருஷத்துல மொத தடவையா, புள்ளி ராஜா ஞாபகம் இருக்காப்பானு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, "அந்த சமயத்துல சங்ககிரி பக்கம் வண்டி நிறுத்தற எடத்துல கேம்ப் போட்டாங்க சாமி. நானும் ரத்தம் குடுத்தேன். ஒன்னுமில்லனு சீட்டு குடுத்தாங்க." அம்மாவுக்கு தெரியுமானு கேட்டேன்.

"அந்த சீட்ட அங்கயே கிழிச்சு போட்டுட்டு தான் வண்டி எடுத்தேன். ஒன்னுமில்லனு எழுதிருந்தாலும், எதுக்கு போய் பாத்தேனு கேப்பாங்கல்ல."