பெட்டியில் இருந்த புகைப்படங்கள்

இன்று மாலை ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அசையாமல் நின்ற திரையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் பர்ன்ஸ் தனியே உட்கார்ந்து பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். அந்த நினைவுகளில் மூழ்கியிருக்கும்போதே, தன்னையறியாமல் ஆடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டதை உணர்கிறார்.

நகைச்சுவைப் படம் என்று நம்பி வந்தவர்களுக்கு இப்படியொரு காட்சியைக் காட்ட எவ்வளவு துணிவு வேண்டும்!

1979இல் வெளிவந்த ‘கோயிங் இன் ஸ்டைல்’ படம் அது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரே வீட்டில் வசித்து, அரசு தரும் ஓய்வுகாலத் தொகையில் காலம் தள்ளி, பகலெல்லாம் பூங்கா பெஞ்சில் அமர்ந்திருக்கும் மூன்று முதியவர்கள், ஒருநாள் வங்கியைக் கொள்ளையடிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். முகத்தை மறைக்க அவர்கள் அணிவது மூக்கும் மீசையும் ஒட்டிய விளையாட்டுக் கண்ணாடிகள்.

2017இல் வந்த மறுஆக்கத்தில் ஓய்வூதியம் பறிபோகிறது. அதனால் கொள்ளைக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. அதில் மைக்கேல் கெய்னையும் மார்கன் ஃப்ரீமனையும் ரசித்தேன் என்றாலும், மூலப்படமே எனக்கு நெருக்கமானது. அதில் தீயவன் என்று எவருமில்லை. நாளையும் இன்றைப் போலவேதான் இருக்கும் என்ற சலிப்பு மட்டுமே அவர்களை எழுப்புகிறது.

பர்ன்ஸுக்கு அப்போது வயது 83. திரைக்கதை எழுதி இயக்கிய மார்ட்டின் பிரெஸ்டுக்கு 28தான். அந்த வயதில் முதுமையின் தனிமையை அவர் எப்படி அறிந்தார் என்று வியந்தபடியே, அந்தக் காட்சியை மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.