500 பவுண்டு கேள்வி

2014-ல் கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது, மாலை வேளைகளில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் போன் செய்யும் வேலை பார்த்தேன். காதில் ஹெட்செட், எதிரே திரையில் கேள்விகள், எழுதியிருப்பதை ஒரு சொல்கூட மாற்றாமல் வாசிக்க வேண்டும். ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று செப்டம்பர் 18-ல் வாக்கெடுப்பு.

தன்னை ஸ்காட்டிஷ் என்று நினைப்பவர் 'ஆம்' போடுவார், பிரிட்டிஷ் என்று நினைப்பவர் 'இல்லை' போடுவார், அவ்வளவுதானே என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் வாரத்திலேயே அது பொய்த்துப்போனது. "நான் ஸ்காட்டிஷ்தான், வேறெதுவும் இல்லை" என்று அடித்துச் சொன்னவர்களில் பலர் அடுத்த நிமிடமே 'இல்லை' என்றார்கள். கேட்டால் பென்ஷன், வீட்டுக்கடன், எந்த நாணயம் புழங்கும் என்ற கவலை. பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்தப் பிப்ரவரியில் சொல்லியிருந்தார்.

அப்புறம் அந்த 500 பவுண்டு கேள்வி. தனி நாடானால் உங்களுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்றால் ஆதரிப்பீர்களா, 500 பவுண்டு குறையும் என்றால்? 2011-ல் ஒரு பெரிய ஆய்வில் இதைக் கேட்டபோது, கூடும் என்றால் ஆதரிப்போம் என்றவர்கள் 65 விழுக்காடு. காசைப் பார்த்துத்தான் மக்கள் முடிவெடுக்கிறார்கள் என்று இதை வைத்துப் பலர் பேசினார்கள். தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டண்டீயில் ஒரு வயதான அம்மா. அடுப்பில் கெட்டில் கூவுவது போனில் கேட்டது, அதை அணைத்துவிட்டு வந்து, "கூடும் என்று யாரப்பா சொல்கிறார்கள், லண்டன்காரர்களா, எடின்பரோக்காரர்களா?" என்றார். லண்டனில் பிரிட்டிஷ் அரசு, எடின்பரோவில் ஸ்காட்லாந்து அரசு. விதிப்படி கேள்வியை மறுபடி வாசித்தேன். "யார் சொல்வது என்று தெரியாமல் நான் என்ன பதில் சொல்ல?" 1989-ல் தாட்சர் அரசு, ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரியை இங்கிலாந்துக்கு ஒரு வருடம் முன்பே ஸ்காட்லாந்தில் கொண்டுவந்ததே, அந்த ரசீதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், லண்டன் கணக்கை அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. திரையில் இருந்த கட்டங்களில் 'தெரியாது' என்பதைத்தான் என்னால் அழுத்த முடிந்தது. இன்றுவரை அது உறுத்துகிறது.

அதே வாரம் அபர்டீனில் எண்ணெய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். எண்ணெய் விலை விழுந்தால் எடின்பரோ யாரிடம் கையேந்தும், அவர்கள் போடும் கணக்கை நான் நம்பமாட்டேன் என்றார். இருவரும் படித்த செய்திகள் அநேகமாக ஒன்றேதான். எந்த எண்ணை நம்புவது என்பதை, அதைச் சொன்னவர் யார் என்று பார்த்துத்தான் இருவரும் முடிவு செய்தார்கள்.

84.6 விழுக்காடு பேர் வந்து வாக்களித்தார்கள். அங்கே வசித்த காமன்வெல்த் நாட்டவருக்கும் வாக்கு உண்டு என்பதால் நானும் ஒரு பள்ளிக்கூட வரிசையில் நின்றேன். 55.3 விழுக்காட்டோடு 'இல்லை' வென்றது. டண்டீயிலோ 57.3 விழுக்காடு 'ஆம்'. பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைக்க முடியும் என்று அப்போது சொல்லப்பட்டது. 2016-ல் ஸ்காட்லாந்தின் 62 விழுக்காடு பேர் ஒன்றியத்திலேயே இருப்போம் என்று வாக்களித்தும் பிரிட்டன் வெளியேறியபோது, 2014-ல் 'இல்லை' போட்டவர்களில் ஒரு பகுதியினர் 'ஆம்' பக்கம் நகர்ந்தார்கள். ஒன்றியம் வேண்டாம் என்றிருந்த 'ஆம்'காரர்கள் சிலர் எதிர்ப்பக்கம் போனார்கள்.

இப்போது கேள்வித்தாள் எழுதுவதே என் வேலை. லாப நட்டம் பற்றி எந்தக் கேள்வி வைத்தாலும் கீழே இன்னொன்று சேர்த்துவிடுகிறேன்: இதை யார் சொன்னால் நம்புவீர்கள்? பதிலுக்குக் கட்டம் இல்லை, எழுத இடம் மட்டும்.